நெல் வயலில் யூரியாவைப் பொதிந்து இடுதல்

நெற்பயிருக்குத் தழைச்சத்து இன்றியமையாதது என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நடவு செய்து இருபது நாள் கழித்துப் பயிர் வெளிறி நிற்குமானால் அதற்கு வேண்டுவது இன்னதென்று வரப்பில் நிற்கும் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் இட்ட உரத்தில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு காற்றோடும் நீரோடும் போயிற்று என்னும் கணக்கைப் பார்ப்பவர் வெகு சிலரே. களஞ்சியத்தில் ஒரு மூட்டை நெல்லை எலி தின்றால் வீடு முழுவதும் அதைப் பற்றியே பேச்சாக இருக்கும். வயலில் இரண்டு மூட்டை உரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போனால் கேட்பாரில்லை. இவ்விரயம் எவ்வாறு நேருகின்றது என்பதையும், யூரியாவைப் பொதிந்தும் புதைத்தும் இடுவதனால் அதை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்பதையும் இங்கே விவரிப்போம்.

மூட்டையில் எவ்வளவு, பயிரில் எவ்வளவு

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. முன்னாளில் 50 கிலோவாக இருந்த மூட்டை 2018-ஆம் வருஷம் முதல் 45 கிலோவாக வருகின்றது. ஆகவே ஒரு மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. காவேரிப் பாசனப் பிரதேசத்தில் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து சிபார்சு செய்யப்பட்டிருக்கின்றது. இது ஏக்கருக்கு ஏறக்குறைய 61 கிலோவாகும். யூரியாவாகக் கணக்கிட்டால் 132 கிலோ, அதாவது சற்றேறக்குறைய மூன்று மூட்டைகள்.

நீர் தேங்கிய வயலில் மேலாகத் தூவிய யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரைதான் என்று பல தேசங்களிலும் நடந்த பரீட்சைகளால் ஏற்பட்டிருக்கின்றது. மூன்று மூட்டை இட்டவருடைய பயிர் உண்டது ஒரு மூட்டையும் சிறிதும். மற்றவற்றில் ஒரு பகுதி மண்ணில் தங்கும். பெரும்பகுதி வயலை விட்டே போய்விடும்.

மூட்டையின் விலை குறைவு என்பதால் இது அற்பமாகத் தோன்றக்கூடும். 2023-ஆம் வருஷம் சர்க்கார் உத்தரவுப்படி 45 கிலோ மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். ஆனால் அதே மூட்டையின் உண்மையான அடக்கம் சுமார் 2,200 ரூபாய் என்று அவ்வருஷத்திலேயே சர்க்கார் தெரிவித்திருந்தது. மிச்சத்தைப் பொதுப் பணம் தாங்குகின்றது. ஆகவே வயலில் வீணாகும் ஒவ்வொரு மூட்டையும் வாங்கியவரின் பணம் மட்டுமன்று, ஊரார் யாவருடைய பணமுமாகும்.

சத்து வீணாகும் வழிகள்

வீணாகும் வழிகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, ஆவியாய்ப் பறத்தல். யூரியா நீரில் கரைந்தவுடன் மண்ணிலுள்ள ஒருவகை நொதிப் பொருளால் இரண்டொரு நாளிலேயே அம்மோனியாவாக மாறத் தொடங்குகின்றது. நடவு வயலில் தேங்கிய நீரில் பாசி படர்ந்திருப்பதைக் காணலாம். வெயில் ஏறிய வேளையில் இப்பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயருகின்றது. காரம் மிகுந்த நீரில் அம்மோனியா நிலைத்திராது. காற்று வீச வீச மேலெழுந்து போய்விடும். பயிர் இளமையாயிருந்து வயலை நிழல் மூடாத காலத்தில் இந்நஷ்டம் அதிகம்.

இரண்டாவது, மண்ணுக்குள்ளே நடைபெறும் மாற்றம். சேற்று வயலில் ஒரு பிடி மண்ணைக் கலையாமல் எடுத்துப் பார்த்தால், மேலே மெல்லிய ஏடு போன்ற பகுதி செம்பழுப்பாகவும் அதன் கீழ் உள்ளது நீலங் கலந்த கருமையாகவும் இருக்கும். மேற்பகுதிக்குப் பிராணவாயு கிடைக்கின்றது; கீழ்ப்பகுதிக்குக் கிடைப்பதில்லை. மேல் ஏட்டில் அம்மோனியா நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகின்றது. அந்த நைட்ரேட் நீரோடு கீழிறங்கியதும், அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெறும் வாயுவாக வெளிவிடுகின்றன. இந்த இரண்டு அடுக்குகளின் தன்மையை ஆராய்ந்து, உரத்தை மேலே தூவாமல் கீழடுக்கில் சேர்ப்பதே நன்று என்று எடுத்துக்காட்டியவர்களில் ஜப்பானிய மண் விஞ்ஞானியான ஷியோயிரி முக்கியமானவர். நைட்ரேட் சிதையும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவும் ஓரளவு உண்டாகின்றது. பூமியின் வெப்பத்தை ஏற்றுவதில் அது கரியமில வாயுவைப்போல் இருநூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்ட வலிமை உடையது.

மூன்றாவது, நீரோடு போதல். மடை வழியாக வழிந்தோடுவது ஒன்று. மணற்பாங்கான நிலத்தில் அடியில் இறங்கிவிடுவது மற்றொன்று. அடியில் இறங்கிய நைட்ரேட் கிணற்று நீரில் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இதற்கு மிஞ்சிய நீரில் பால் கலந்து கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு இரத்தம் பிராணவாயுவை ஏற்கும் சக்தி குன்றி, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகும். வயலுக்கு இட்ட உரம் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைச் சேரும் வழி இதுவே.

இவ்விரயத்தை ஈடுசெய்வதாக எண்ணி மேலும் ஒரு மூட்டையைக் கொட்டுவோர் உண்டு. அதனால் பயிர் சில நாள் கருகருவென்று தோன்றும். பிறகு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் அப்பயிரையே முதலில் நாடும். கதிர் முற்றும் சமயத்தில் மழை பெய்தால் சாய்ந்தும் போகும்.

பொதிதல் என்பதன் கருத்து

நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்தும் தெரியும். ஒரே நாளில் கரைந்து ஒரே வாரத்தில் மாறிப்போகும் உரத்தை, பயிர் உண்ணும் வேகத்துக்கு ஏற்பச் சிறுகச் சிறுக வெளிவரும்படி செய்யவேண்டும். அதற்கு மூன்று உபாயங்கள் உண்டு. உரமணியின் மேல் ஓடு போன்ற பூச்சு இடலாம். உரம் மண்ணில் மாறுவதைத் தாமதப்படுத்தும் பொருளை அதனுடன் கலக்கலாம். அல்லது உரத்தைத் திரட்டி உருண்டையாக்கிக் காற்றும் வெயிலும் எட்டாத சேற்றின் அடியில் வைக்கலாம். முதலாவது தொழிற்சாலை வேலை. இரண்டாவது தொழிற்சாலையிலும் வீட்டிலும் செய்யத்தக்கது. மூன்றாவது முழுவதும் குடியானவர் கையில் இருப்பது.

பூச்சு வகைகளில் கந்தகம் பூசிய யூரியா பழமையானது. அமெரிக்காவில் டென்னஸி பள்ளத்தாக்கு அதிகார சபையார் 1960-களில் இதை ஆராய்ந்து உருவாக்கினார்கள். இந்தியாவில் 2023-ஆம் வருஷம் இவ்வகை உரத்துக்கு 'யூரியா கோல்டு' என்ற பெயரில் சர்க்கார் அனுமதி அளித்தது. இதில் நூற்றுக்கு 37 பங்கு தழைச்சத்தும் 17 பங்கு கந்தகமும் உண்டு. இதன் மூட்டை 40 கிலோ. ஆகவே ஒரு மூட்டையில் தழைச்சத்து 14.8 கிலோதான் என்பதை மறக்கலாகாது. சாதாரண யூரியா மூட்டைக்கு மூட்டை இதைச் சமமாக எண்ணிக் கணக்கிடுவோர் பயிருக்குக் குறைவாக இட்டுவிட நேரும். கந்தகம் குறைந்த நிலங்களில், முக்கியமாக நிலக்கடலை, எள் முதலிய எண்ணெய் வித்துப் பயிர்களுக்கு, அக்கந்தகமும் பிரயோஜனப்படும்.

பிளாஸ்டிக் போன்ற பொருளால் மெல்லிய ஓடு அமைத்த உரங்களும் உள. ஓட்டின் வழியாக நீர் உட்புகுந்து சத்து மாதக்கணக்கில் கசிந்து வெளிவரும். ஜப்பானில் இவை நெல்லுக்கே பெருமளவில் உபயோகிக்கப்பட்டன. ஆனால் சத்து தீர்ந்தபின் வெற்று ஓடுகள் வாய்க்கால் வழியே ஆற்றுக்கும் கடற்கரைக்கும் போய்ச் சேர்வதைக் கண்டு, 2030-க்குள் இவ்வோடுகளை அடியோடு விலக்குவது என்று அந்நாட்டு உரத் தொழிலாளரும் கூட்டுறவினரும் 2022-ஆம் வருஷம் இலட்சியம் வகுத்துக்கொண்டனர். விலையும் சாதாரண உரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். பூச்செடி, நாற்றங்கால், தொட்டிச் செடி ஆகியவற்றுக்கு இவை தகும். நெல் வயலுக்கு இவற்றை நாட வேண்டுவதில்லை.

வேப்பம் பூச்சின் பயனும் எல்லையும்

வேப்பந்தழையையும் வேப்பம் பிண்ணாக்கையும் வயலுக்கு இடுவது முன்னோர் அறிந்த வழக்கம். வேம்பில் உள்ள கசப்புப் பொருள்கள், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன. டெல்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் ராஜேந்திர பிரசாத் முதலிய விஞ்ஞானிகள் 1970-களின் தொடக்கம் முதல் இதை நெல்லில் பரீட்சித்து வெளியிட்டார்கள். அதன் பயனாக, 2015-ஆம் வருஷம் முதல் இந்தியாவில் உற்பத்தியாகும் விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வெளிவரவேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். “இப்பொழுது வருவதெல்லாம் பூசின யூரியாதானே, இனி எப்படி இட்டால் என்ன?” என்று கேட்போர் உளர். சட்டப்படி இருக்கவேண்டிய வேப்பெண்ணெய் ஒரு டன்னுக்கு 350 கிராம். மூட்டைக்கு 16 கிராமுக்கும் சற்றுக் குறைவு. இது மணியை மூடும் ஓடு அன்று. நுண்ணுயிரை மந்தப்படுத்தும் மருந்து மாத்திரமே. நீரில் விழுந்த மணி முன்போலவே கரையும். அம்மோனியா முன்போலவே ஆவியாகும். மேலே சொன்ன மூன்று வழிகளில் இரண்டாவதை இது ஓரளவு அடைக்கும். முதலாவது வழி திறந்தே இருக்கின்றது.

ஆகையால் மேலுரமிடும்போது கவனிக்கவேண்டிய முறை மாறவில்லை. வயலில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, சேறு கசிந்திருக்கும் நிலையில், பொழுது சாயும் வேளையில் தூவி, அடுத்த நாளுக்குப் பின் நீர் கட்டவேண்டும். மேலும் ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சமும் ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்குத் தூளும் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுவது தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையாரின் சிபார்சாகும். அதாவது 25 கிலோ யூரியாவுக்கு ஜிப்சம் 20 கிலோ, பிண்ணாக்கு 5 கிலோ. பிண்ணாக்கை இடித்துச் சலித்துக் கலந்தால்தான் எல்லா மணிகளிலும் படியும்.

சேற்றின் அடியில் வைத்தல்

அகல உழுவதைக் காட்டிலும் ஆழ உழு என்பது பழமொழி. உரத்துக்கும் இது பொருந்தும். யூரியாவை 7 முதல் 10 சென்டிமீட்டர், அதாவது மூன்று முதல் நான்கு அங்குல ஆழத்தில் சேற்றுக்குள் வைத்துவிட்டால், பாசி நீரும் வெயிலும் அதைத் தொடா. அங்கே பிராணவாயு இன்மையால் அம்மோனியா நைட்ரேட்டாகவும் மாறாது. களிமண் துகள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, வேர்கள் தேடி வந்து வேண்டியபோது உண்ணும்.

இம்முறை பெருவாரியாகப் பரவியிருப்பது வங்காள தேசத்தில். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மஸில் ஷோல்ஸ் என்னும் ஊரைத் தலைமை இடமாகக்கொண்டு 1974-இல் ஏற்பட்ட சர்வதேச உர அபிவிருத்தி நிலையத்தார், அந்நாட்டு விவசாய அதிகாரிகளுடன் சேர்ந்து இதைக் கிராமங்களில் பரப்பினர். சிறு இயந்திரத்தால் சாதாரண யூரியா மணிகளை அழுத்திக் கொட்டைபோல் உருண்டையாக்குவர். அதற்கு அங்கு 'குட்டி யூரியா' என்று பெயர். உருண்டை 1.8 கிராம், 2.7 கிராம் என்ற இரண்டு எடைகளில் வழங்குகின்றது. மழைக்கால நெல்லுக்குச் சிறியதையும், பாசனத்தில் விளையும் கோடைப் போகமான போரோவுக்குப் பெரியதையும் இடுகின்றனர். யூரியாவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சமாவதோடு, மகசூல் நூற்றுக்கு 15 முதல் 20 வரை உயர்ந்ததாக அந்நிலையத்தார் அறிவித்திருக்கின்றனர்.

இடும் முறை எளிது. பயிரை 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டராக வரிசையில் நடவேண்டும். நட்ட 7 முதல் 10 நாட்களுக்குள், நான்கு குத்துக்களின் நடுவில் ஓர் உருண்டையை விரல்களால் பிடித்துச் சேற்றில் அழுத்தி, அக்குழியை மண்ணால் மூடிவிடவேண்டும். ஒவ்வொரு நான்கு குத்துக்கும் ஒன்றே போதும். ஆகவே ஓர் இடைவெளி விட்டு மறு இடைவெளியில் நடந்து, அதிலும் ஓர் இடம் விட்டு மறு இடத்தில் வைத்துக்கொண்டு போகவேண்டும். ஒரு முறை வைத்தால் போகம் முழுவதற்கும் அதுவே. பெரும்பாலும் மேலுரம் வேண்டியதில்லை.

கணக்கும் எளிது. உருண்டைக்கு 40 சென்டிமீட்டர் சதுரம் என்பதால் ஏக்கருக்கு ஏறத்தாழ 25,300 உருண்டைகள் ஆகும். 1.8 கிராம் உருண்டையானால் 45.5 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஒரே மூட்டை. 2.7 கிராம் ஆனால் 68 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை.

செலவும் வரவும்

“கையால் அள்ளி வீசினால் ஒரு ஆள் ஒரு நாழிகையில் முடிக்கும் வேலைக்கு, குனிந்து குனிந்து இருபத்தையாயிரம் உருண்டை வைக்க யாரால் ஆகும்?” என்று மிராசுதாரர்கள் கேட்பது நியாயமே. இதை மறைக்காமல் கணக்குப் பார்ப்பதே நல்லது.

நிமிஷத்துக்குப் பத்து உருண்டை வீதம் ஒருவர் வைத்தால் மணிக்கு 600 ஆகும். ஏக்கருக்கு 42 மணி நேரம். ஆறு மணி வேலையை ஒரு நாளாகக் கொண்டால் ஏழு ஆட்கள். கூலி ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,500 ரூபாய். 132 கிலோவுக்குப் பதில் 68 கிலோ இடுவதால் மிச்சமாகும் யூரியா 64 கிலோ. மேற்படி 242 ரூபாய் விலையில் இதன் மதிப்பு சுமார் 344 ரூபாய்தான். உரச் சிக்கனத்தை மட்டும் நம்பி இம்முறையில் இறங்குபவருக்கு ஏக்கருக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நஷ்டம் உண்டாகும் என்பது இதிலிருந்து வெளிப்படை.

ஆனால் மகசூலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஏக்கருக்கு 20 குவிண்டால் விளையும் நிலத்தில், வங்காள தேசத்தார் சொன்ன அளவுக்கு அல்லாமல், பத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும் 2 குவிண்டால் அதிகம். 2025-26-ஆம் வருஷத்துப் பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் விதித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அதன்படி 4,738 ரூபாய் வரும். யூரியாவில் மிச்சமானதையும் கூட்டி, கூலியைக் கழித்தால் நிகர இலாபம் 1,582 ரூபாய். மூன்று முறை மேலுரம் இடும் கூலி மிச்சமாவது இதில் சேரவில்லை. உருண்டை பிடிக்கும் செலவும் சேரவில்லை. சொந்தக் குடும்பத்தார் கூடி வேலை செய்யும் சிறு நிலத்தாருக்கு இலாபம் மிகும். கூலி உயர்ந்த ஊர்களில் பெரும் பண்ணைக்காரர்களுக்கு, தள்ளிக்கொண்டு போகும் கருவி கிடைத்தாலன்றி, இது கட்டிவராது. எனவே இலாபமும் நஷ்டமும் அந்தந்த நிலத்தில் மகசூல் உயருகின்றதா என்ற ஒன்றையே பொறுத்திருக்கின்றன. அதை அறிய வழி ஒன்றே. தம் நிலத்திலேயே சிறு பரீட்சை செய்து பார்த்தல்.

ஐந்து சென்டில் ஒரு பரீட்சை

இயந்திரத்தில் அழுத்திய உருண்டை எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று. ஆனால் அது இல்லாமலே மண் உருண்டையைக் கொண்டு பரீட்சை நடத்தலாம். யூரியாவை ஈரக் களிமண்ணுடன் ஒன்றுக்குப் பத்துப் பங்காகப் பிசைந்து உருண்டை பிடித்து வரிசைகளுக்கு நடுவே வைப்பது பல காலமாக அறியப்பட்ட முறையே.

ஒரே வயலில் மண்ணும் நீர்ப்பாய்ச்சலும் ஒத்த இரண்டு ஐந்து சென்டுப் பாத்திகளை வரப்பிட்டுப் பிரித்துக்கொள்ளவேண்டும். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே ரக நாற்றை, கயிறு பிடித்து 20 சென்டிமீட்டர் வரிசையில் நடவேண்டும். தொழு உரம், மணிச்சத்து, சாம்பல் சத்து யாவும் இரண்டுக்கும் சமம். முதற் பாத்திக்கு வழக்கம்போல் 6.6 கிலோ யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுக. இரண்டாவது பாத்திக்கு 3.4 கிலோ யூரியாவை 34 கிலோ களிமண்ணுடன் பிசைந்து, சுமார் 1,265 உருண்டைகளாகப் பிடிக்கவேண்டும். ஓர் உருண்டை 30 கிராம் அளவில், பெரிய நெல்லிக்காய்ப் பிரமாணம் இருக்கும். பிசையும்போது மண் கெட்டியாக இருத்தல் அவசியம். யூரியா கரையக் கரைய மண் இளகுமாதலால் நீரைக் குறைத்தே சேர்க்கவேண்டும். நிழலில் ஓரிரவு உலரவிட்டு மறுநாளே வயலில் வைத்துவிடுக. நாட்கணக்கில் வைத்திருந்தால் அம்மோனியா வீட்டிலேயே பறந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் ஒருவரே இவ்வளவையும் வைத்து முடித்துவிடலாம்.

வைத்த பிறகு கவனிக்கவேண்டியவை மூன்று. வயலில் நீர் மட்டம் குறைவாகவேனும் நின்றிருக்கவேண்டும். சேறு வெடிக்க விடலாகாது. களை எடுப்போர் உருண்டை வைத்த இடைவெளியில் கால் வைக்காமல், வெற்று இடைவெளிகளிலேயே நடக்கவும் களைக்கருவியைத் தள்ளவும் வேண்டும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரந்தோறும் பத்து இலைகளை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே ஆறு இலைகளோ அதற்கு மேலோ போனால், உருண்டை போதவில்லை என்று கொண்டு சிறிது மேலுரம் இட்டு, இட்ட அளவைக் குறித்துக்கொள்க.

அறுவடையில் இரண்டு பாத்திகளையும் தனித்தனியே அடித்துத் தூற்றி, ஒரே தராசில் நிறுத்து, நெல்லையும் வைக்கோலையும் எழுதி வைக்கவேண்டும். கண்ணால் மதிப்பிட்ட கணக்கு பரீட்சையாகாது.

எங்கே ஆகாது

மணற்பாங்கான நிலத்திலும், கட்டிய நீர் ஒரே நாளில் இறங்கிவிடும் நிலத்திலும் ஆழத்தில் வைத்த யூரியா வேருக்கு எட்டாமல் கீழே போய்விடும். அங்கே சிறுகச் சிறுகப் பல தடவையாக இடுவதே மேல். தாறுமாறாக நட்ட வயலிலும் நேர்விதைப்பு வயலிலும் கையால் வைப்பது முடியாது. நட்டு வெகு நாள் கழித்து வைத்தால் பயிர் முற்றத் தாமதமாகும். ஆகையால் பத்து நாள் கடந்தபின் இம்முறையை மேற்கொள்ளலாகாது.

மானாவாரி நிலத்தாருக்கும் இக்கருத்தில் ஒரு பாகம் உதவும். அவர்கள் சூப்பர் பாஸ்பேட்டை நேரே மண்ணில் வீசாமல், ஹெக்டேருக்கு 750 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து குவித்து, சேறு பூசி மூடி ஒரு மாதம் வைத்திருந்து இடலாம். எருவால் பொதியப்பட்ட மணிச்சத்து மண்ணில் கட்டுண்டு போவது குறைந்து பயிருக்குக் கிடைப்பது அதிகமாகும்.

மூட்டையைப் பாதுகாத்தல்

வயலில் சிக்கனம் செய்வோர் வீட்டில் வீணாக்கலாகாது. யூரியா காற்றிலுள்ள ஈரத்தைக் கவரும் பொருள். மழைக்காலத்தில் வாய் திறந்த மூட்டை சில நாளில் கசிந்து பாறைபோல் இறுகிவிடும். ஆகவே மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும். பிரித்த மூட்டையை உள் உறையோடு சேர்த்து இறுகக் கட்டவேண்டும்.

அதைவிட முக்கியமானது கால்நடைகளின் க்ஷேமம். யூரியாவை நக்கிய மாடு சிறிது நேரத்திலேயே வயிறு உப்பி, நடுங்கி, வாயில் நுரை தள்ளி இறந்துபோவது கிராமங்களில் நேருவதுண்டு. உரம் கரைத்த வாளியிலோ, யூரியாச் சாக்கைக் கழுவிய தொட்டியிலோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாகாது. உரமூட்டையைத் தொழுவத்தில் வைப்பதும், வெற்றுச் சாக்கில் தவிடு கட்டுவதும் அபாயம். மாடு தின்றதாகச் சந்தேகம் தோன்றினால் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி பெரிது. நடவுக்கு முன்பே தத்தம் கிராமத்தில் களிப்பான நிலம் எது, மணலான நிலம் எது என்று பிரித்துக் காட்டலாம். வரிசை நடவு செய்யும் நிலத்தாரில் நாலைந்து பேரைச் சேர்த்து, பாதை ஓரத்து வயல்களில் மேற்கண்ட ஐந்து சென்டுப் பரீட்சையை நடத்தச் செய்யலாம். அறுவடையன்று ஊராரைக் கூட்டி அவர்கள் முன்னிலையில் நெல்லை நிறுத்துக் காட்டலாம். ஒருவர் வயலில் உயர்ந்து மற்றவர் வயலில் உயராவிட்டால் அதையும் மறைக்காமல் பதிவு செய்யவேண்டும். எந்த மண்ணில் பலிக்கும், எந்த மண்ணில் பலிக்காது என்பது அப்பொழுதுதான் விளங்கும். பல வயல்களில் பலித்ததாகத் தெரிந்தால், உருண்டை அழுத்தும் இயந்திரம் ஒன்றைச் சங்கத்தின் பெயரால் வாங்கி வாடகைக்கு விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பயிர் கேட்பது மூன்று மூட்டை அன்று. அதன் வேருக்கு எட்டும் ஒரு மூட்டையும் சிறிதுமே. அதை வேரின் அருகில் கொண்டுபோய் வைப்பவருக்கு மற்றவை மிச்சம். வைக்காதவருக்கு அவை காற்றிலும் கிணற்றிலும் போய்ச் சேரும். வரும் போகத்தில் ஐந்து சென்டு நிலத்தையும் இரண்டு மணி நேரத்தையும் இதற்காக ஒதுக்கி, தராசின் தீர்ப்பைக் கேட்டறிந்தபின் குடியானவர்கள் தாமே முடிவு செய்துகொள்வார்களாக.